வெடிச்சத்தத்துக்கு நடுவே ஒரு மைக்

விருதுநகர் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலானாலும் சிவகாசி பத்ரகாளியம்மன் கோயில் சித்திரைப் பொங்கலானாலும் மெல்லிசைக் கச்சேரிக்கு வெளியிலிருந்தும் ஒரு பக்கவாத்தியம் உண்டு: வெடி. இங்கே பாட விலையுயர்ந்த மைக் வாங்குபவர், அது எதைக் கேட்காது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நாய்மன் கேஎம்எஸ் 105 அருமையான கண்டன்சர் மைக். 48 வோல்ட் கொடுத்தால் பாடகர் மூச்சிழுப்பதுகூடத் துல்லியமாக விழும். அரங்கத்துக்குள் அதைத்தான் கேட்பேன். திருவிழா மேடையிலோ வெடியும் அப்படியே விழும்; அங்கே என் ஓட்டு டைனமிக் வகைக்கே. 1966-இல் வந்த ஷூர் எஸ்எம்58-க்கு நேர் பின்புறம் காது மந்தம். அதைவிட விலை கூடிய பீட்டா 58ஏ-வுக்கோ பின்பக்கத்தின் இரு ஓரங்களில். மைக்கை மாற்றினால் மானிட்டர் ஸ்பீக்கரையும் அதன் காது மந்தமான பக்கத்துக்கு நகர்த்தணும். இல்லையென்றால் ‘கூ’வென்று ஊளைதான். வலைமூடியைப் பொத்திப்பிடித்துப் பாடும் தம்பிகளுக்கு எந்த மைக்கும் ஒன்றே!

மைக் இல்லாத காலமும் இருந்தது. சிவகாசியில் 1886-இல் பிறந்த நாடக நடிகர் விஸ்வநாத தாஸ் காலத்து நாடகக்காரர்கள் கடைசி வரிசைக்கும் எட்டத் தொண்டையைத் திறந்தே பாட வேண்டியிருந்தது. முணுமுணுப்பையும் பாட்டாக்கியது மைக்தான்.

கடையில் ‘ஹலோ, செக்’ போதாது. மேல்ஸ்தாயியில் ஒரு வரி, கீழ்ஸ்தாயியில் ஒரு வரி. உதட்டை ஒட்டி ஒருமுறை, நாலு விரல் தள்ளி ஒருமுறை. நெருங்க நெருங்கக் குரலில் கனம் ஏறும். அந்தக் கனம் உங்கள் குரலுக்குப் பொருந்துகிறதா என்று கூட வந்தவரைக் கேளுங்கள்.