ஸ்பெயினின் சூரியக் கணக்கு

விலை கட்டுப்படியாகாவிட்டால் அனல்மின் நிலையக்காரர் நிலக்கரி வாங்குவதையாவது குறைத்துக்கொள்ளலாம். சூரிய மின்நிலையம் போட்டவருக்கு அந்த வழியும் இல்லை. எரிபொருள் செலவே கிடையாது. போட வேண்டிய பணத்தில் பெரும்பகுதியை முதலிலேயே போட்டாகிவிட்டது. இடையில் அரசு விலை விதியில் கை வைத்தால், அடி முதலின்மீதும் வங்கித் தவணையின்மீதும்தான் விழும்.

ஸ்பெயினில் நடந்தது இதுதான். 2007 மே மாதத்து அரசாணை, 100 கிலோவாட் வரையிலான நிலையங்களுக்கு யூனிட்டுக்குச் சுமார் 44 யூரோ சென்ட் என 25 ஆண்டுகளுக்கு உறுதி தந்தது. பேனல் விலை எட்டாத உயரத்தில் இருந்த காலம் அது. நிலையான விலை என்ற யோசனையில் எனக்குக் குறையில்லை. சாதாரணக் குடும்பங்களும் கடன் வாங்கி 'சூரியத் தோட்டங்களில்' பங்கு எடுத்தன. கோளாறு, விலை வைத்தவர்கள் அளவு வைக்காததில் இருந்தது. 371 மெகாவாட் இலக்கில் 85 சதவீதம் எட்டிய பிறகும் குறைந்தது ஓராண்டு அவகாசம் உண்டு என்றது ஆணை. கதவைச் சாத்தப்போகிறோம் என்று ஓராண்டுக்கு முன்பே தண்டோரா போட்டால் யார்தான் சும்மா இருப்பார்கள்? பெரிய நிலையங்களை 100 கிலோவாட் துண்டுகளாகப் பதிவு செய்தார்கள். 2008இல் மட்டும் 2,500 மெகாவாட்டுக்கு மேல் நிறுவப்பட்டது.

இன்னொரு பக்கம், மின்கட்டணத்தை உயர்த்த அரசுகள் தயங்கியதால் துறையின் பற்றாக்குறை ஆண்டுதோறும் பெருகி 2,500 கோடி யூரோவைத் தாண்டியது. சூரிய மின்சாரம் வருவதற்கு முன்பே தொடங்கிய பள்ளம் அது. பழி மட்டும் பேனல்கள்மீது விழுந்தது.

2010 டிசம்பரில் முதல் பெரிய வெட்டு வந்தது. அடுத்த மூன்றாண்டுகளுக்கு, நிலையாகப் பொருத்திய பேனல்களுக்கு ஆண்டில் 1,250 மணி நேர உற்பத்திக்கு மட்டுமே உறுதி விலை. தெற்கில் 1,500 மணி நேரம் ஓடும் 100 கிலோவாட் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். பழைய விதிப்படி 1,50,000 யூனிட்டுக்கு 66,000 யூரோ. புதிய விதிப்படி 1,25,000 யூனிட்டுக்கு 55,000. மிச்சத்துக்குச் சந்தை விலை, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. தவணை 48,000 என்றால், 18,000 மிஞ்சிய இடத்தில் சுமார் 8,000தான் மிஞ்சும். வருமானத்தில் குறைவு சுமார் 15 சதவீதம். மிச்சமோ பாதிக்கும் கீழே. பராமரிப்புச் செலவை இன்னும் கழிக்கவில்லை.

2013 ஜூலையில் பழைய முறையே ஒழிந்தது. யூனிட் விலைக்குப் பதிலாக, பத்தாண்டு அரசுப் பத்திர வட்டியோடு 3 புள்ளி சேர்த்து 'நியாயமான லாபம்': வரிக்கு முன் 7.398 சதவீதம். பழைய நிலையங்கள் அதுவரை ஈட்டியதும் கணக்கில் சேர்க்கப்பட்டது.

விதி மாறவே கூடாது என்பது என் கட்சியல்ல. சர்வதேச நடுவர் மன்றங்களும் அப்படிச் சொல்லவில்லை. 2010 மாற்றங்களை எதிர்த்து சரான் நிறுவனம் தொடுத்த வழக்கில் 2016இல் ஸ்பெயின் வென்றது. 2013 மாற்றத்தை எதிர்த்து ஐசர் நிறுவனம் தொடுத்த வழக்கில் 2017இல் 12.8 கோடி யூரோ இழப்பீடு கொடுக்கச் சொன்னார்கள். (நடுவர் ஒருவரின் தொழில் தொடர்பு காரணமாக அது பின்னர் ரத்தானது.) விதியைத் திருத்துவது வேறு, அடியோடு பிடுங்குவது வேறு என்ற இந்த வேறுபாடு எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் எரிசக்தி சாசன ஒப்பந்தம் என்ற பன்னாட்டு உடன்பாட்டின் கீழ் அந்த மன்றங்களுக்குப் போக வெளிநாட்டு முதலீட்டாளருக்குத்தான் உரிமை இருந்தது. லண்டன் நிதி நிறுவனத்துக்குத் திறந்த வாசல், வீட்டுக்கடன் எடுத்த உள்ளூர்க் குடும்பத்துக்கு இல்லை.

2019இல் அரசு, பழைய நிலையங்களுக்கு அதே 7.398 சதவீதத்தை 2031 வரை மாற்றாமல் தருவதாகச் சொன்னது. வழக்காடியவர்கள் வழக்கைக் கைவிட வேண்டும் என்பது நிபந்தனை. ஏறக்குறைய இதே விகிதத்தை, அளவு வரம்போடு, 2007இலேயே அறிவித்திருந்தால் குறைவானவர்களே வந்திருப்பார்கள். வந்தவர்கள் கணக்குப் பார்த்தே கடன் வாங்கியிருப்பார்கள்.