வம்பும் ஒரு புராணமே!

கடவுளைக் கண்டவர் யார் என்று கேட்கிறோம். எங்கே கண்டார், எப்போது கண்டார், உடனிருந்தவர் யார் என்று குறுக்கு விசாரணை செய்கிறோம். சான்றில்லாக் கதையைச் சல்லிக்காசுக்கும் மதியோம் என்று மார் தட்டுகிறோம். நல்லது! ஆனால், மாலையிலே தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்திருக்கும்போது, "அந்த நடிகைக்கும் இந்த நடிகருக்கும்..." என்று ஒருவர் குரலைத் தாழ்த்தினால், செவியைத் தீட்டிக்கொண்டு அருகே நகர்கிறோமே, ஏன்? காலையிலே கடவுளிடம் கேட்ட சான்றை, மாலையிலே கதை சொன்னவரிடம் கேட்க நா எழவில்லையே, ஏன்?

"போகட்டும், வெறும் பொழுதுபோக்குத்தானே!" என்பர் நண்பர். பொழுது மட்டும் போயிருந்தால் நாமும் பேசாதிருப்போம். உயிர் போயிருக்கிறது. வாழ்வு போயிருக்கிறது. சென்னை நகரிலே நடந்த கதை அது. இன்றைய இளைஞர் அறிந்துகொள்ள வேண்டிய கதை.

ஆண்டு 1943. போர்க்காலம். லட்சுமிகாந்தன் என்பார் 'சினிமா தூது' என்றோர் ஏட்டைத் தொடங்கினார். திரைப்படத் துறையினரின் அந்தரங்கமே அந்த ஏட்டின் சரக்கு. சரக்கு விலைபோயிற்று. எழுதாமல் இருப்பதற்குப் பணம் கேட்கப்படுகிறது என்ற குற்றச்சாட்டும் அன்று பரவலாக எழுந்தது. எம். கே. தியாகராஜ பாகவதர், கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், பட இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் முறையிட்டனர். ஏட்டின் உரிமம் பறிக்கப்பட்டது. கடை மூடியதா? இல்லை! 'இந்து நேசன்' என்ற வேறு பெயர்ப்பலகையின் கீழே அதே சரக்கு மீண்டும் விரிக்கப்பட்டது. கவர்னரால் உரிமத்தைப் பறிக்க முடிந்தது. வாங்குவோரின் நாவூறலைப் பறிக்க முடியவில்லை!

1944 நவம்பர் 8. வேப்பேரியிலே லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் மருத்துவமனையிலே மாண்டார். டிசம்பரிலே பாகவதரும் கலைவாணரும் கைதாயினர். 1945 மே திங்களிலே ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியாயிற்று. இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்பிற்று. 1947 ஏப்ரலிலே இருவரும் விடுதலை பெற்றனர். அதற்குள் ஈராண்டுக்கு மேல் சிறையிலே கழிந்துவிட்டது.

ஒன்றை அழுத்தமாகச் சொல்லுவோம். லட்சுமிகாந்தன் எழுதியது எத்துணை இழிவாயினும், எழுத்துக்கு மறுமொழி கத்தி அன்று. வழக்கு மன்றம் இருந்தது, மேடை இருந்தது, பேனா இருந்தது. கொலை கொலைதான். குத்தியவன் குற்றவாளிதான். ஆனால், காசு கொடுத்து அந்தக் கடையை வாழவைத்தவர் எவர்? அவர்களை எந்தக் கூண்டிலும் எவரும் ஏற்றவில்லை. ஏற்றவும் முடியாது; ஊரே கூண்டில் நிற்க வேண்டியிருந்திருக்கும்!

அதே ஊரின் இன்னொரு முகத்தையும் பாருங்கள். கொலைக்குச் சில வாரங்களுக்கு முன்னர், தீபாவளியன்று, பாகவதரின் 'ஹரிதாஸ்' வெளிவந்தது. பிராட்வே அரங்கிலே மூன்று தீபாவளிகளைக் கண்டது. நாயகன் சிறையிலே, நாயகனின் நிழல் திரையிலே! காலையிலே வழக்குச் செய்தி படிக்க ஏட்டுக்குக் காசு, மாலையிலே பாட்டுக் கேட்கச் சீட்டுக்குக் காசு. கும்பிட ஒரு காசு, குதற ஒரு காசு! விடுதலைக்குப் பின்னர் அவர் நடித்த படங்கள் பழைய வெற்றியைக் காணவில்லை. 'பாகவதர் கிராப்பு' என்று தலைமுடியைக்கூட அவர்போல் வளர்த்துக்கொண்ட நாடு, தீர்ப்பு மாறிய பின்னரும் அவரைப் பழைய இடத்திலே அமர்த்தவில்லை. 1959 நவம்பரிலே, ஐம்பது வயதும் நிரம்பாமல், பாகவதர் மறைந்தார். கலைவாணர் மீண்டெழுந்தார், 1949-இல் அண்ணாவின் எழுத்திலே 'நல்லதம்பி' தந்தார், 1957-இல் அவரும் மறைந்தார்.

வழிபாடும் வம்பும் ஒரே வேரிலே கிளைத்தவை. மனிதனை மனிதனாகப் பார்க்கத் தெரியாத மனம், முதலிலே அவனைத் தேவனாக்குகிறது. பிறகு, தேவன் தும்மினானா, தேவன் யாருடன் உண்டான் என்று சாளரத்தின் வழியே எட்டிப் பார்க்கிறது. மாலையிட்ட கையே மண்ணை வாரித் தூற்றுகிறது.

புராணத்தின் இலக்கணம் என்ன? கண்ட சாட்சி கிடையாது. சொன்னவர் சொல்லக் கேட்டவர் சொன்னது. சொல்பவர் தட்டிலே காசு விழும். வம்பின் இலக்கணமும் அதுவே! இன்று ஏட்டுக்குப் பதில் கைப்பேசி வந்திருக்கிறது. தலைப்பிலே ஒரு கேள்விக்குறி. "பிரிந்துவிட்டார்களா?" என்று கேட்டால் போதும், பொய் சொன்னதாகவும் ஆகாது, பொய் பரவாமலும் போகாது. நாம் ஒருமுறை விரலால் தொட்டால், அது தட்டிலே விழுந்த காசு.

இதிலே பெண்ணின் பங்கு என்ன? ஆண் நடிகரைப் பற்றிய கதை என்றால் அவனுக்கு 'மன்மதன்' என்ற பட்டம். அதே கதையிலே வரும் பெண்ணுக்கு 'நடத்தை கெட்டவள்' என்ற வசை. மேடையிலே பெண் விடுதலை பேசி, கைப்பேசியிலே மனுவின் தீர்ப்பை எழுதுகிறவனை நாம் என்னவென்று அழைப்பது?

அப்படியானால் புகழ் பெற்றோரைப் பற்றிப் பேசவே கூடாதோ? தாராளமாகப் பேசுவோம்! அவர் நடித்த படம் எந்தக் கருத்தைப் பரப்புகிறது? சாதியைத் தாங்குகிறதா, சாய்க்கிறதா? கூலிக்கு உழைத்த தொழிலாளிக்குக் கூலி சேர்ந்ததா? வாக்குக் கேட்டு வருகிறாரா? கொள்கை என்ன, கணக்கு என்ன? இவை ஊரறிய நடப்பவை. ஊர் கேட்கத்தான் வேண்டும். கலைவாணரின் நகைச்சுவையிலே எத்தனை மூடநம்பிக்கை அடிபட்டது என்று ஆராய்வது திறனாய்வு. அவர் வீட்டு அடுக்களையை ஆராய்வது திருட்டுப் பார்வை.

தோழர்களே! நாளை மாலையும் தேநீர்க் கடையிலே ஒருவர் குரலைத் தாழ்த்துவார். அப்போது, கடவுளிடம் கேட்ட அதே கேள்வியை உரக்கக் கேளுங்கள்: "கண்டவர் யார்?" பலகை சற்று நேரம் அமைதியாகும். அந்த அமைதியிலே, அன்று வெளிவந்த படத்தைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள்.