முட்டி வில்லை

பந்தய பைக்கைவிட எனக்குப் பிடித்தது, ஓட்டுபவரின் முட்டியில் இருக்கும் பிளாஸ்டிக் வில்லைதான். தோல் உடையில் வெல்க்ரோவால் ஒட்டியிருக்கும். தேய்ந்தால் பிய்த்துவிட்டு வேறு மாட்டலாம். இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கிலோமீட்டர் பந்தயத் தடத்தில் வண்டி சாயும்போது அது தரையைத் தொட்டு ‘சர்ர்’ரென்று இழுபடும். பாரம் தாங்குவதற்கல்ல, எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்று காலுக்குச் சொல்வதற்கு.

வேலைக்குப் போய்க்கொண்டே பந்தயம் ஓட்டுபவர்களின் வில்லைகளைப் பார்க்க வேண்டும். சீசன் தொடக்கத்தில் கருக்குக் குலையாமல் இருக்கும். போகப்போக வெளிப்புறம் சரிவாகக் கரைந்து, விளிம்பில் பிளாஸ்டிக் இழை இழையாகச் சுருண்டு நிற்கும். கடிகாரச் சுற்றில் ஓடும் தடமென்றால் பெரும்பாலும் வலது முட்டிதான் முதலில் தேயும்.

சிலர் போட்டோவுக்காகவே முட்டியை நீட்டுகிறார்கள். லேப் டைம் வந்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும்.