பேராசிரியர் பதவியில் ஒரு பயிற்சியாளர்

1888-ல் யேல் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி பதின்மூன்று ஆட்டங்களில் 698 புள்ளிகள் குவித்தது. எதிரணிகளுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. அந்த அணியின் பயிற்சியாளர் வால்டர் கேம்ப் பகலில் கடிகாரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மைதானத்துக்குப் போய்ப் பயிற்சியைக் கவனித்துக் குறிப்பெடுத்து வந்தவர் அவருடைய மனைவி ஆலிஸ். இரவில் வீட்டுக்கு வரும் ஆட்டக்காரர்களிடம் கணவனும் மனைவியும் குறைநிறைகளைப் பேசினார்கள். சம்பளம் கிடையாது. படித்து முடித்தவர்கள் தம் கல்லூரிக்குச் செய்யும் கைம்மாறு என்றுதான் அன்று பயிற்சி கருதப்பட்டது.

அந்த அணியில் ஆடிய ஆமோஸ் அலோன்சோ ஸ்டாக்கின் வாழ்க்கையில்தான் பயிற்சி ஒரு தொழிலாக உருமாறியது.

1862-ல் நியூஜெர்சியில் பிறந்த ஸ்டாக், பாதிரியாராகும் எண்ணத்தில் யேலுக்கு வந்தவர். பேஸ்பால் பந்துவீச்சில் பெயர் எடுத்தார். தொழில்முறை அணிகள் அழைத்தபோது மறுத்துவிட்டார். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்கக் கால்பந்தில், 1889-ன் முதல் அகில அமெரிக்க அணியில் இடம்பெற்றார். மேடைப் பேச்சு மட்டும் கடைசிவரை வரவில்லை. பிரசங்க மேடையை விட்டுவிட்டு ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள கிறிஸ்தவப் பயிற்சிப் பள்ளிக்குப் போனார். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் அங்கே அவருடைய சக ஊழியர்.

புதிதாகத் தொடங்கவிருந்த சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், யேலில் ஸ்டாக்குக்குப் பாடம் எடுத்தவர். தம் பழைய மாணவரிடம் முதலில் 1,500 டாலர் சம்பளம் பேசினார், பிறகு 2,000, கடைசியில் 2,500 டாலரும் நிரந்தர இணைப் பேராசிரியர் பதவியும். ஒரு விளையாட்டுப் பயிற்சியாளருக்கு அத்தகைய பதவி அன்றுவரை கேள்விப்படாதது. நூலகமும் ஆய்வகமும் பெயர் வாங்கித் தரப் பல ஆண்டுகள் ஆகும். கால்பந்து ஒரே பருவத்தில் தந்துவிடும். ஹார்ப்பர் போட்ட கணக்கு அதுதான் என்று தோன்றுகிறது. 1892-ல் ஆள் போதாமல் பயிற்சியாளரே களத்தில் இறங்கி ஆடினார். விதிகள் அப்போது அவ்வளவு தளர்வு.

பிறகு சிகாகோவில் நாற்பத்தொரு பருவங்கள். 1905-ல் மிச்சிகனை 2-0 என வீழ்த்தி, ஐம்பத்தாறு ஆட்டங்களாகத் தோல்வியே அறியாத அந்த அணியின் ஓட்டத்தை நிறுத்தியது ஸ்டாக்கின் உச்சம். ஆனால் அதே ஆண்டில்தான் காலியர்ஸ் வார இதழ், பல்கலைக்கழகங்கள் வெற்றியை விலைக்கு வாங்குவதாக அம்பலப்படுத்தியது. அதில் சிகாகோவின் பெயரும் அடிபட்டது. அதன் நட்சத்திர ஆட்டக்காரர் வால்டர் எக்கர்சால் பட்டம் பெறாமலே வெளியேறினார். குடி, புகை, தகாத சொல் எதுவும் அண்டாத ஸ்டாக்கின் தனிவாழ்க்கைத் தூய்மை உண்மையானது. அவருடைய அணி நடத்தப்பட்ட விதத்துக்கு அதே சான்றிதழைத் தர முடியாது.

பணத்தின் போக்கு சிகாகோவோடு நிற்கவில்லை. 1905-ல் ஹார்வர்ட் தன் முன்னாள் ஆட்டக்காரர் பில் ரீடைப் பயிற்சியாளராக்கி, எந்தப் பேராசிரியருக்கும் தராத சம்பளத்தைக் கொடுத்தது. பிரவுன், பென்சில்வேனியா பல்கலைக்கழகங்களில் ஆடிய ஜான் ஹெய்ஸ்மன், பயிற்சியாளராகக் கல்லூரி கல்லூரியாக மாறிக்கொண்டே போனார். 1916-ல் அவருடைய ஜார்ஜியா டெக் அணி, கம்பர்லாந்து கல்லூரி அணியை 222-0 என்று நசுக்கியது. இதற்கிடையே ஆட்டமும் மாறியிருந்தது. களத்தில் மாணவர்கள் உயிரிழப்பது பெருகியதால் 1906-ல் விதிகள் திருத்தப்பட்டு, பந்தை முன்னோக்கி எறிய அனுமதி வந்தது. புது ஆட்டத்துக்குப் புது உத்திகள் தேவைப்பட்டன; ஓய்வு நேரத்தில் வந்துபோகும் பழைய மாணவரால் இனி அதைச் சமாளிக்க முடியாது.

எழுபது வயதானதும் சிகாகோ ஸ்டாக்கை ஓய்வுபெறச் சொன்னது. மைதானத்துக்கு அப்பாற்பட்ட வேறொரு பணியைத் தர முன்வந்தது, அவர் ஏற்கவில்லை. 1933-ல் கலிபோர்னியாவின் சிறிய பசிபிக் கல்லூரிக்குப் போனார். 1938-ல் அந்த அணியைச் சிகாகோவுக்கே அழைத்து வந்து, தம் பெயர் தாங்கிய மைதானத்தில் பழைய பல்கலைக்கழகத்தை 32-0 எனத் தோற்கடித்தார். அடுத்த ஆண்டு முடிவில் சிகாகோ தன் கால்பந்து அணியையே கலைத்துவிட்டது. ஸ்டாக்குக்கோ, எண்பத்தொன்றாவது வயதில், 1943-ன் சிறந்த பயிற்சியாளர் விருது கிடைத்தது.