அறியாமல் எடுத்த படமும் அறியப்படாத மனிதனும்

மனிதனை உள்ளபடி காட்டும் நிழற்படம் எது? அவனை நிறுத்தி, சட்டையைத் திருத்தி, அசையாதே என்று கட்டளையிட்டு எடுத்ததா? அன்றி, தன் காரியத்தில் ஆழ்ந்திருக்கையில் அவன் அறியாமல் எடுத்ததா? பின்னதே உண்மை என்பர் பலர். அவ்வளவு எளிதில் தீர்ந்துவிடும் விஷயமன்று இது.

1867இல் சிங்கப்பூரில் தோன்றிய லாம்பர்ட் படப்பிடிப்பு நிலையம், இந்நாட்டு மக்களை இனவாரியாகப் படமெடுத்து விற்றது. அவற்றுட் பலவற்றில் இனத்தின் பெயருண்டு, மனிதனின் பெயரில்லை. அசையாமல் நிற்கவைத்தது அக்காலக் கருவியின் குறை எனலாம். பெயரை விட்டது யாருடைய குறை?

1925இல் லைக்கா என்னும் கைக்கருவி விற்பனைக்கு வந்தது. நிற்கவைக்கும் அவசியம் ஒழிந்தது. ஜெர்மானியரான எரிக் சாலமன், 1928 முதல் நீதிமன்றங்களிலும் மாநாடுகளிலும் ஒளிவுமறைவாகப் படமெடுத்தார். 1930இல் ஹேக் மாநாட்டில் நள்ளிரவில் சோர்ந்து கிடந்த மந்திரிகளை உலகம் அவர் படத்தில் கண்டது. அது நியாயமே. ஆள்வோரைப் பார்க்கும் உரிமை ஆளப்படுவோர்க்கு உண்டன்றோ?

ஆனால் அதே தந்திரத்தை ஜாசின் வட்டாரத் தோட்டமொன்றில், வியர்வையோடு குனிந்து நிற்கும் பெண்ணிடம் காட்டுவது நியாயமாகுமா? மந்திரிக்குத் தம்மைப்பற்றிப் பேசப் பத்திரிகையுண்டு. அவளுக்கோ அந்த ஒரு படந்தான் பேசும். அதுவும் எடுத்தவன் சொற்படியே பேசும். கைப்பேசிதோறும் கருவியிருக்கும் இந்நாளில் இக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

"கேட்டுவிட்டால் இயல்பு போய்விடுமே" என்பார்க்கு, கனு காந்தியின் படங்களே விடை. காந்தியார் அவருக்கு விதித்த நிபந்தனைகள் மூன்று: பளிச்சிடும் விளக்குக் கூடாது, இப்படி நில், அப்படி இரு என்னலாகாது, செலவுக்கு ஆசிரமம் பணம் தராது. படமெடுப்பதைக் காந்தியார் அறிவார்; இருந்தும் அப்படங்களில் பாசாங்கு இல்லை. காரணம், எடுத்தவர் உடனிருந்து வாழ்ந்தவர். இயல்பைத் தருவது திருட்டன்று, பழக்கமே.

நிறுத்தி எடுத்த படமெல்லாம் பொய் என்பதும் தவறு. லயத்துச் சுவரில் தொங்கிய படத்தில் பாட்டனார் இரவல் கோட்டுடன் விறைத்து நின்றிருப்பார். கூலி என்று பிறர் அழைத்தவர், தாம் யாராக விளங்க விரும்பினாரென்பதை அப்படம் சொல்கிறது. அதுவும் உண்மையே, எந்தக் கள்ளப் படத்திலும் அகப்படாத உண்மை.

ஆதலின் தோழர்களே, எளியோரைப் படமெடுக்குமுன் சம்மதம் கேளுங்கள், பெயரைக் குறியுங்கள், ஒரு பிரதி அவர் கையில் கொடுங்கள். பார்ப்பவனுக்குள்ள மானம் பார்க்கப்படுபவனுக்கும் உண்டு.