மௌனத்திலிருந்து மீண்ட எழுத்து

எழுதும் ஊக்கம் அறுந்தபின் எவ்வாறு மீள்கிறது என்பதற்கு, திருச்செங்கோட்டு வட்டாரத்தைச் சேர்ந்த பெருமாள்முருகனின் ‘கோழையின் பாடல்கள்’ கவிதைத் தொகுப்பைவிடத் தெளிவான சான்று அண்மைத் தமிழில் அரிது. 1991இல் ‘ஏறுவெயில்’ நாவலுடன் தொடங்கி, மேட்டுக்காட்டை, அதாவது மழையை நம்பிய புன்செய் நிலத்தைச் சார்ந்த வாழ்வைத் தொடர்ந்து எழுதிவந்த அவர், ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எழுந்த எதிர்ப்பையடுத்து, 2015 ஜனவரியில், எழுத்தாளன் இறந்துவிட்டான் என அறிவித்து ஒதுங்கினார்.

அந்நாவல் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த 2016 ஜூலைத் தீர்ப்பே அவரை மீட்டது என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மைதான் என்றாலும், அதற்கு முன்பே, அச்சேறும் என்ற உறுதி ஏதுமின்றி, அவர் இத்தொகுப்பின் கவிதைகளை எழுதத் தொடங்கியிருந்தார் என்பது இன்னும் வியப்புக்குரியது. நாவல் கோரும் பரந்த திட்டமும் நீண்ட உழைப்பும் கைகூடாத மனநிலையில், சில வரிகளில் நிறைவுபெறும் வடிவம் எழுதுபவருக்கு அன்றைய பொழுதிலேயே ஒரு முழுமையைத் தந்துவிடுகிறது. அச்சத்தை மறைக்காமல், தலைப்பிலேயே அதை ஏற்றுக்கொண்டதில்தான் அத்தொகுப்பின் வலிமை இருக்கிறது. உரைநடைக்குத் திரும்பியபோதும் மனிதரை மையமாக்காமல், ‘பூனாச்சி’ நாவலில் ஒரு வெள்ளாட்டின் வாழ்வைத் தேர்ந்தது, ஆட்டுப்பட்டியும் மேய்ச்சல் நிலமும் நன்கறிந்த எழுத்தாளருக்கு மிகவும் பொருத்தமான வழியாக அமைந்தது.