அடிமை ஒழிப்பும் இஸ்லாமும்: ஆப்பிரிக்காவும் நெல்லைச் சீமையும் – ஒரு விமர்சனப் பார்வை

அடிமை முறையை ஒழிக்க வழிகாட்டியது இஸ்லாமே என்று ஒரு சாரார் எழுதுகின்றனர். ஆப்பிரிக்காவில் அடிமை வணிகத்தை வளர்த்ததே இஸ்லாம்தான் என்று மறு சாரார் எழுதுகின்றனர். இரண்டுக்கும் சான்று உண்டு. ஆனால் இரண்டும் பாதி உண்மைகளே. நம் தாமிரபரணிக் கரை வரலாற்றையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் இது விளங்கும்.

ஆப்பிரிக்கச் சான்றுகள்

அடிமைகளை விடுவிப்பதை நற்செயலாகவும் சில தவறுகளுக்குப் பரிகாரமாகவும் குர்ஆன் கூறுகிறது. அடிமை முறையை முற்றாகத் தடை செய்யவில்லை. இதற்கு இருவகையாகவும் பொருள் கொண்டனர். சான்சிபாரில் சுல்தான்கள் ஆட்சியில் கிராம்புத் தோட்டங்கள் அடிமை உழைப்பால் செழித்தன. ஆங்கிலேயரின் நெருக்குதலுக்குப் பிறகே, 1873இல், அங்கே அடிமைச் சந்தை மூடப்பட்டது. துனிசியாவிலோ ஆட்சியாளர் அகமது பே 1846இல் அடிமை முறையை ஒழித்தார். பிரித்தானியத் தூதரின் தூண்டுதலும் அதில் உண்டு. எனினும், எசமானர்கள் மார்க்க நெறிப்படி அடிமைகளை நடத்துவதில்லை என்பதையே அவர் ஒரு காரணமாகக் காட்டினார். பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது அதற்கும் இரண்டு ஆண்டுகள் கழித்து, 1848இல்தான்.

நெல்லைச் சீமையில்

தமிழகத்தின் நஞ்சை வட்டாரங்களில் உழைப்பவர்களை ஓலை எழுதி விற்ற காலம் உண்டு. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமை மீது ஒருவர் கோரும் உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. அடிமை வைத்திருப்பதை அது குற்றமாக்கவில்லை. உழைத்தவர்களுக்கு ஒரு குழி நிலமும் தரவில்லை. ஆளை விற்பதும் வாங்குவதும் தண்டனைக்குரியதானது, இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1862இல். அடிமை என்ற பெயர் மறைந்தது. கடனில் கட்டுண்ட பண்ணையாள் மிஞ்சினார். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வர 1976 ஆயிற்று.

1981: இரு நிகழ்வுகள்

1981 பிப்ரவரி 19 அன்று, அப்போதைய திருநெல்வேலி மாவட்டத்தில் தென்காசியை அடுத்த மீனாட்சிபுரத்தில் ஏறத்தாழ 180 பட்டியல் சாதிக் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. வெளிநாட்டுப் பணமே காரணம் என்று நாடெங்கும் பேசப்பட்டது. இந்த விளக்கம் போதாது. மாறியவர்களில் படித்தவர்களும் இருந்தனர். மதம் மாறியதால் பட்டியல் சாதியினருக்குரிய சலுகைகளை இழக்க நேரும் நிலையிலும் மாறினர். தீண்டாமை இல்லாத மரியாதையான வாழ்வு அவர்களுக்கு அதைவிடப் பெரிதாக இருந்தது.

அதே ஆண்டில்தான் ஆப்பிரிக்க முஸ்லிம் நாடான மொரித்தானியா அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தது. அங்கே எசமானும் அடிமையும் ஒரே மார்க்கத்தினர். இருந்தும் அடிமை வைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றமாக 2007 வரை ஆயிற்று. நம் 1843க்கும் 1862க்கும் இடையே இருந்த அதே குறை இங்கும் தெரிகிறது.

ஆகவே, எந்த மதம் அடிமையை ஒழித்தது என்று கேட்பதால் பெரிய பயன் இல்லை. விடுதலையை யார் கேட்டார்கள், யார் மறுத்தார்கள், நிலமும் கூலியும் யார் கையில் இருந்தன என்று மாணவர்கள் கேட்க வேண்டும். சமத்துவம் பேசும் வேதவாக்கும் சட்டமும், கேட்பவர் கையில் ஆயுதமாகும். கேட்க ஆளில்லாதபோது ஏட்டோடு நின்றுவிடும்.